கல்தச்சர் சூட்டரும் கணக்கில் வராத கூலியும்

கிளாஸ்கோ நகரத்து மணற்கல் உளிக்கு இணங்கிப் போகும் கல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே தெருத்தெருவாக எழும்பிய மாடிக் குடியிருப்புகள் அந்தக் கல்லில் கட்டியவைதான். அப்படிப்பட்ட ஊரில் கல்தச்சு வேலை பழகியவர் ஃபெர்கஸ் சூட்டர். 1878இல் தெற்கே இறங்கி, இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் உள்ள டார்வென் என்ற ஆலை ஊரில் போய்க் குடியேறினார். அங்கும் கையிலிருந்த தொழிலைத்தான் செய்தார். அதிக நாள் நீடிக்கவில்லை. இங்கிலாந்துக் கல் தனக்குப் பழகிய கல்லைவிடக் கடினமாக இருந்தது, கைகள் வீங்கிவிட்டன, அதனால் விட்டுவிட்டேன் என்று பிற்காலத்தில் ஒரு பத்திரிகைப் பேட்டியில் காரணம் சொன்னார்.

உளியைக் கீழே வைத்தவர் அதற்குப் பிறகு எதைக் கொண்டு சாப்பிட்டார்? டார்வென் அணிக்காகக் கால்பந்து ஆடினார். பந்து விளையாடியதற்குக் கூலி கேட்பதே இழிவு என்று நினைத்த காலம் அது. இருந்தும் சூட்டர் பட்டினி கிடக்கவில்லை. கல் வேலைக்குத் திரும்பவுமில்லை. உலகின் முதல் தொழில்முறைக் கால்பந்து ஆட்டக்காரர் என்று பலரும் இன்று அவர் பெயரைச் சொல்வது இதனால்தான்.

கல்லின் மீது பழியைப் போட்ட அந்தக் காரணத்தை நான் பாதிதான் நம்புகிறேன். லங்காஷயர் கல் கரடுமுரடானது என்பது உண்மை. உள்ளூர்க் கல்தச்சர்கள் ஆயுள் முழுக்க அதைத்தான் கொத்தினார்கள் என்பதும் உண்மை. வீங்கியது கைதானே, கால்கள் நன்றாகத்தான் இருந்தன.

அவர் பிறந்தது 1857 நவம்பர் 21. வளர்ந்து ஆட்டம் பழகியது கிளாஸ்கோவின் மேற்குப் பக்கத்தை ஒட்டியிருந்த பார்ட்டிக்கில். கால்பந்து வரலாற்றில் பார்ட்டிக்குக்குத் தனி இடம் உண்டு. 1872 நவம்பர் 30 அன்று ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் மோதிய முதல் அதிகாரபூர்வ சர்வதேசப் போட்டி அங்கிருந்த கிரிக்கெட் மைதானத்தில்தான் நடந்தது. யாருக்கும் கோல் விழவில்லை. சூட்டருக்கு அப்போது பதினைந்து வயது முடிந்து ஒன்பது நாள்.

கோல் இல்லாத அந்த ஆட்டத்தைப் பற்றி இன்றும் பேச ஒரு காரணம் இருக்கிறது. அன்றைய இங்கிலாந்து ஆட்டம் தனி ஆளின் சாமர்த்தியத்தை நம்பியது. ஒருவர் பந்தைக் காலோடு ஒட்டி உருட்டிக்கொண்டு முன்னேறுவார். அவரிடமிருந்து பந்து தவறினால் எடுத்துக்கொள்ள மற்றவர்கள் பின்னாலேயே ஓடுவார்கள். எதிரில் நின்ற ஸ்காட்லாந்து அணி முழுக்க முழுக்கக் குவீன்ஸ் பார்க் என்ற ஒரே கிளப்பின் ஆட்கள். உடல் எடையில் இங்கிலாந்துக்காரர்களைவிடக் குறைந்தவர்கள். இடித்துத் தள்ளி ஜெயிக்க வழியில்லை. ஆகவே பந்தைத் தங்களுக்குள் மாற்றி மாற்றித் தட்டி ஆடினார்கள். இன்று பள்ளிச் சிறுவனுக்கும் தெரிந்த பாஸ் அன்றைக்குப் புதுமை. அந்தப் புதுமைக்கு என்ன மதிப்பு என்பது சில ஆண்டுகளில் தெரிந்துவிட்டது. 1878இல் 7-2, 1881இல் 6-1, 1882இல் 5-1 என்று இங்கிலாந்து வரிசையாக அடி வாங்கியது.

சூட்டர் பின்களத்தில் ஆடுபவர். இங்கிலாந்தில் பின்கள ஆட்டக்காரரிடம் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்று: பந்து வந்தால் ஓங்கி உதைத்து எட்டாத தூரத்துக்கு அனுப்ப வேண்டும். ஸ்காட்லாந்தில் பழகியவருக்கோ பந்து காலுக்கு வருவதற்கு முன்பே அதை யாரிடம் சேர்ப்பது என்ற எண்ணம் வந்துவிடும். லங்காஷயர் கிளப்புகள் பிறகு போட்டி போட்டுக்கொண்டு விலைக்கு வாங்கியது இந்த எண்ணத்தைத்தான். வடக்கிலிருந்து வந்த இந்த ஆட்டக்காரர்களுக்கு ஸ்காட்லாந்துப் பேராசிரியர்கள் என்று பட்டப்பெயரே வந்தது. கிண்டலும் மரியாதையும் சரிபாதி கலந்த பெயர்.

1878 புத்தாண்டு நாளில் பார்ட்டிக் அணி டார்வெனுக்கு வந்து ஒரு போட்டி ஆடியது. அந்த அணியில் சூட்டரும் இருந்தார். டார்வென்காரர்கள் அவரைப் பார்த்து வைத்துக்கொண்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் சிட்டி ஆஃப் கிளாஸ்கோ வங்கி திவாலானது. அந்த வங்கியின் பங்குதாரர்களுக்கு வரம்பில்லாத பொறுப்பு. வங்கியின் கடனைத் தங்கள் சொத்தை விற்றும் அடைக்க வேண்டும். 1,819 பங்குதாரர்களில் 254 பேர்தான் கடனாளி ஆகாமல் தப்பினார்கள். வீடு கட்டுவது நின்றால் கல்தச்சருக்கு வேலை ஏது? ஊரில் வேலை இல்லை, தெற்கே கூப்பிடுகிறார்கள். பந்துக்காக வேலையை விட்டுவிட்டு ஓடிய இளைஞர் என்று சூட்டரை வரைந்தால் படம் அழகாக இருக்கும். வேலை அவரை விட்டு ஓடியதையும் சேர்த்து வரைவதுதான் சரி.

டார்வென் நமக்கு முற்றிலும் அன்னியமான ஊர் இல்லை. 1867இல் அங்கே கட்டி முடித்த பிரம்மாண்டமான பருத்தி ஆலையின் பெயரே இந்தியா மில். ஏறக்குறைய 300 அடி உயரப் புகைபோக்கி இன்றும் நிற்கிறது. பக்கத்து ஊரான பிளாக்பர்னின் தறிகள் இந்தியச் சந்தைக்கென்றே வேட்டி நெய்தன. 1931இல் வட்டமேசை மாநாட்டுக்குப் போன காந்தி, சுதேசிப் புறக்கணிப்பால் வேலை இழந்த நெசவாளிகளை நேரில் பார்க்க வந்த ஊரும் இந்த டார்வென்தான். சூட்டரின் பைக்குப் போன பணத்தில் நம் பாட்டன்மார் வேட்டி வாங்கிய காசும் கொஞ்சம் கலந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

ஆலைகளுக்கும் கால்பந்துக்கும் உள்ள உறவு நேரடியானது. சனிக்கிழமை மதியம் ஆலையை மூடியாக வேண்டும் என்று 1850இல் வந்த சட்டம் சொன்னது; 1874இல் அந்த நேரம் மேலும் ஒரு மணி நேரம் முன்னால் வந்தது. ஆயிரக்கணக்கான நெசவாளிகளுக்கு வாரத்தில் அரை நாள் கையில் கிடைத்தது, கூடவே அன்றைய கூலியும். மைதானத்தைச் சுற்றி வேலி போட்டு வாசலில் காசு வாங்கத் தொடங்கினார்கள். வாசலில் காசு விழ ஆரம்பித்த பிறகு, அந்தக் காசை வரவழைப்பவனுக்கு மட்டும் ஒன்றும் கிடையாது என்று எத்தனை நாள் சொல்ல முடியும்?

டார்வென் அணியின் பெயரை நாடு முழுக்கக் கொண்டுபோனது, இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் (எஃப்.ஏ.) நடத்தும் எஃப்.ஏ. கோப்பையின் 1879ஆம் ஆண்டுக் காலிறுதி. எதிரணி ஓல்டு ஈட்டோனியன்ஸ். பிரதமர்களையும் பிரபுக்களையும் உருவாக்கும் ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர்கள். இடம், லண்டன் கென்னிங்டன் ஓவல். கிரிக்கெட் ரசிகர்களுக்குப் பழகிய அதே ஓவல்தான். அன்றைக்குக் கோப்பையின் முக்கியப் போட்டிகள் அங்கேதான் நடக்கும். நாள், பிப்ரவரி 13. அன்று வியாழக்கிழமை என்பதை மனதில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

ஆட்டம் முடியக் கால் மணி நேரம் இருக்கும்போது ஈட்டோனியன்ஸ் 5-1 என்று முன்னால் இருந்தார்கள். லண்டன்காரர்கள் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டிய நேரம். அந்தக் கால் மணி நேரத்தில் டார்வென் நான்கு கோல் போட்டது. 5-5. கூடுதல் நேரம் ஆடித் தீர்த்துவிடலாம் என்று டார்வென் கேட்டது. மூச்சு வாங்கிக்கொண்டிருந்த கனவான்கள் மறுத்துவிட்டார்கள். டார்வென் ஊருக்குத் திரும்பி, மறுபடி லண்டனுக்கு வர வேண்டியதாயிற்று. போக ஏறத்தாழ 200 மைல், வர 200 மைல். ரயில் செலவுக்கு ஊரில் வசூல் நடந்து 175 பவுன் சேர்ந்தது. கால்பந்துச் சங்கம் 10 பவுனும் எதிரணியான ஈட்டோனியன்ஸே 5 பவுனும் கொடுத்தார்கள் என்பது அந்தக் காலத்து விளையாட்டுப் பண்பு. இரண்டாம் ஆட்டம் 2-2. மூன்றாவது முறையும் லண்டன் பயணம். களைத்துப் போயிருந்த டார்வென் 6-2 என்று தோற்றது. ஈட்டோனியன்ஸ் அந்த ஆண்டின் கோப்பையையும் வென்றார்கள்.

இப்போது அந்த வியாழக்கிழமைக்கு வருவோம். ஈட்டன் மாணவருக்கு வியாழனும் ஒன்றுதான், ஞாயிறும் ஒன்றுதான். டார்வென் அணியின் ஆலைத் தொழிலாளிக்கு வியாழக்கிழமை லண்டனில் இருந்தால் அந்த வாரக் கூலியில் துண்டு விழும். அந்த இழப்பை ஈடுகட்டினால் கூடப் பணத்துக்கு ஆடுகிறான் என்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். பணம் வாங்காமல் ஆடுவதுதான் தூய்மை என்ற கொள்கை, பணம் தேவைப்படாதவர்கள் எழுதிய கொள்கை. அவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆட்டத்தின் விதிகளை எழுதி, சங்கம் அமைத்து, கோப்பையையும் உருவாக்கியவர்கள் அவர்கள்தான். தங்கள் வீட்டுக் கூரைக்குக் கீழே மழை பெய்யாததால் ஊரில் மழையே இல்லை என்று நினைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

சூட்டருக்குப் பணம் எப்படி வந்தது? 1902இல் அவரே ஒரு லங்காஷயர் பத்திரிகைக்கு மனம்விட்டுச் சொன்னார். சம்பளம் என்று நிர்ணயித்த தொகை கிடையாது. தேவைப்படும்போது பொருளாளரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு. சில வாரங்கள் ஒன்றும் கேட்காமல் இருப்பார்கள். பிறகு ஒரு நாள் போய்ப் பத்து பவுன் கேட்பார்கள். கிடைப்பதில் ஒரு சிரமமும் இருந்ததில்லை. இதுதான் அவர் சொன்னதன் சாரம்.

இந்த ஏற்பாட்டின் சாமர்த்தியத்தைக் கவனிக்க வேண்டும். வாரக் கூலி என்று எழுதினால் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி நிற்கும். யாராவது புகார் கொடுத்தால் அந்த வரியே சாட்சி. பொருளாளரைப் போய்ப் பார்ப்பதற்கு எந்தப் பதிவும் இல்லை. வாசல் வசூலில் ஒரு பகுதி கணக்குக்கு வராமலே கைமாறும். ஆட்டம் முடிந்து உடை மாற்ற வரும்போது பூட்ஸுக்குள் ஒரு நாணயம் கிடக்கும் என்று அந்தக் காலத்தைப் பற்றி ஒரு கதை உண்டு. வேறு கிளப்புகளில் ஆட்டக்காரருக்கு ஆலையில் பெயரளவுக்கு ஒரு வேலை போட்டுக் கொடுத்தார்கள், மதுக்கடை நடத்த ஏற்பாடு செய்தார்கள். டார்வென் தன் பங்குக்கு 1879இல் சூட்டருக்கும் அவருடைய தோழர் ஜிம்மி லவ்வுக்கும் சேர்த்து ஒரு நிதியுதவிப் போட்டி நடத்தியது. அதில் ஒளிவுமறைவு இல்லை. வசூல் அவர்களுக்குத்தான் என்று ஊருக்கே தெரியும்.

லவ்வின் பெயர் வந்துவிட்டதால், முதல் ஆள் யார் என்ற வழக்கையும் பார்த்துவிடலாம். லவ் கிளாஸ்கோவில் கடனில் மூழ்கி, திவால் வழக்கிலிருந்து தப்பி டார்வெனுக்கு வந்தவர். சூட்டருக்குச் சில மாதங்கள் முன்பே வந்துவிட்டார். அதற்கும் முன்னால், 1876இல், ஜேம்ஸ் லாங் கிளாஸ்கோவிலிருந்து ஷெஃபீல்டுக்குப் போய் வெட்னஸ்டே கிளப்பில் சேர்ந்திருந்தார். கப்பல் கட்டும் தளத்தில் நடந்த விபத்தில் ஒரு கண் பார்வை போனவர். அதை வெளியே சொல்லாமலே ஸ்காட்லாந்துக்காக ஆடி, 1876இல் வேல்ஸ் அணிக்கு எதிராகக் கோலும் போட்டார். ஷெஃபீல்டில் கிளப் நிர்வாகி ஒருவரின் கத்தித் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. செய்ய வேண்டிய வேலை என்று ஒன்றும் இல்லாததால் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாராம். லாங் தானே முதல் ஆள் என்று பிற்காலத்தில் உரிமை கொண்டாடினார். அவரோடு அதே காலத்தில் ஷெஃபீல்டின் ஹீலி கிளப்புக்கு வந்த பீட்டர் ஆண்ட்ரூஸ் பெயரையும் சிலர் சொல்வார்கள்.

என்னைக் கேட்டால் இந்த வழக்குக்குத் தீர்ப்பு கிடையாது. ரகசியமாகக் கொடுத்த காசுக்கு ரசீது இருக்காது. ரசீது இல்லாத இடத்தில் முதல் ஆள் யார் என்று எப்படிச் சொல்வது? சூட்டர் பெயர் நிலைத்ததற்குக் காரணம் வேறு. லாங் பெயருக்காவது ஒரு வேலை வைத்திருந்தார். சூட்டர் அந்தத் திரையையும் தூக்கிப் போட்டுவிட்டு ஆட்டத்தை மட்டுமே தொழிலாகக் கொண்டார். அதோடு அந்தத் தொழிலில் பத்தாண்டு நின்று காட்டினார். லவ்வுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அரச கடற்படைக் காலாட்படையில் சேர்ந்து, 1882இல் எகிப்துப் போருக்குப் போன இடத்தில் இஸ்மாயிலியாவில் காய்ச்சலில் இறந்துபோனார்.

1880இல் சூட்டர் டார்வெனை விட்டு பிளாக்பர்ன் ரோவர்ஸுக்குப் போனார். தூரம் நான்கைந்து மைல்தான். ஆனால் பக்கத்து ஊர்ப் பகை எப்படிப்பட்டது என்று எந்த ஊர்க்காரருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 100 பவுன் கொடுத்து வாங்கிவிட்டார்கள் என்று டார்வென் கொதித்தது, ரோவர்ஸ் மறுத்தது. அந்த ஆண்டு நவம்பர் 27 அன்று இரண்டு அணிகளும் பிளாக்பர்னில் மோதின. சூட்டருக்கும் ஒரு டார்வென் ஆட்டக்காரருக்கும் கைகலப்பு, கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது, ஆட்டம் பாதியில் நின்றது. இன்றைக்கு ஒரு நட்சத்திர ஆட்டக்காரர் எதிரி கிளப்புக்கு மாறினால் அவருடைய சட்டையைக் கொளுத்துகிறார்களே, அந்த வழக்கத்தின் மூதாதை இது.

ரோவர்ஸில் அவருக்கு முன்பின்னாக வேறு இரண்டு ஸ்காட்லாந்துக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள்: ரேஞ்சர்ஸிலிருந்து ஹியூ மெகின்டயர், ரென்ஃப்ரூவிலிருந்து ஜிம்மி டக்ளஸ். 1881-82 பருவத்தில் இந்த அணி 35 ஆட்டங்கள் தோல்வியே இல்லாமல் போய், கோப்பை இறுதிப் போட்டியை எட்டியது. வடக்கிலிருந்து ஓர் அணி இறுதிக்கு வந்தது அதுவே முதல் முறை. மார்ச் 25, அதே ஓவல், அதே ஓல்டு ஈட்டோனியன்ஸ். 1-0 என்று ஈட்டோனியன்ஸ் ஜெயித்தார்கள். தாடிவைத்த அவர்களுடைய தலைவர் ஆர்தர் கின்னேர்ட் மகிழ்ச்சி தாங்காமல் மைதானத்து மண்டபத்தின் முன் தலைகீழாக நின்றார்.

கின்னேர்ட் ஒரு வங்கியாளர். லண்டனில் பிறந்தவர். அவருடைய குடும்பத்தின் பூர்விகம் ஸ்காட்லாந்து என்பதால் 1873இல் ஸ்காட்லாந்து அணிக்கு ஆடினார். கிளாஸ்கோவில் பிறந்து, பார்ட்டிக்கில் வளர்ந்து, ஸ்காட்லாந்து ஆட்டத்தை இங்கிலாந்துக்குச் சொல்லிக்கொடுத்த சூட்டர் ஒரே ஒரு முறைகூட ஸ்காட்லாந்துக்கு ஆடியதில்லை. தெற்கே போய்க் காசுக்கு ஆடுபவர்கள் அங்கே துரோகிகள். இங்கிலாந்து கிளப்புகளுக்காக ஆள் பிடிக்க வரும் தரகர்கள் கிளாஸ்கோ தெருக்களில் அடி வாங்கினார்கள். தெற்கே போனவர்களின் பெயர்களைப் பட்டியல் போட்டு ஸ்காட்லாந்துக் கால்பந்துச் சங்கம் தடை விதித்தது. இங்கிலாந்தில் ஆடும் ஸ்காட்லாந்துக்காரர்களைத் தேசிய அணிக்கு முதன்முதலாக எடுத்தது 1896இல். அந்த ஆட்டத்தில் இங்கிலாந்தை 2-1 என்று வென்றார்கள். சூட்டருக்கு அப்போது 38 வயது. ஆட்டத்தை விட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

1883இல் கோப்பை பிளாக்பர்னுக்கு வந்தது, ஆனால் ரோவர்ஸுக்கு வரவில்லை. ஊரின் இன்னொரு கிளப்பான பிளாக்பர்ன் ஒலிம்பிக் ஈட்டோனியன்ஸை 2-1 என்று கூடுதல் நேரத்தில் தோற்கடித்தது. நெசவாளி, நூற்பாலைத் தொழிலாளி, பிளம்பர் என்று கூலிக்காரர்கள் நிறைந்த அணி. ஓர் இரும்பு வார்ப்பாலை முதலாளியின் பணம் அவர்களுக்குப் பின்னால் இருந்தது. முக்கிய ஆட்டத்துக்கு முன் அணியைப் பிளாக்பூல் கடற்கரைக்குக் கூட்டிப்போய்ப் பயிற்சி கொடுத்தார்கள், அதுவும் கனவான்களுக்கு முகம் சுளிக்க வைத்த புதுமை. இந்த வெற்றியையும் சூட்டரின் கதையையும் ஒன்றாகக் கலந்து, அவரே அந்தக் கோப்பையை வென்றது போல 2020இல் வந்த ஒரு தொலைக்காட்சித் தொடர் காட்டியது. கதைக்கு அது வசதி. நடந்தது வேறு: சூட்டர் தன் முறைக்கு இன்னும் ஓர் ஆண்டு காத்திருந்தார்.

அந்த முறை வந்தபோது மூன்று முறை சேர்ந்தாற்போல் வந்தது. 1884இல் குவீன்ஸ் பார்க் அணியை 2-1, 1885இல் மறுபடியும் அதே அணியை 2-0, 1886இல் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனோடு 0-0 ஆடி, டார்பியில் நடந்த மறு ஆட்டத்தில் 2-0. தொடர்ச்சியாக மூன்று கோப்பை வென்றதற்காகச் சங்கம் ரோவர்ஸுக்கு ஒரு வெள்ளிக் கேடயம் கொடுத்தது. இந்த மூன்றில் முதல் இரண்டும் சூட்டருக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். எதிரில் நின்றது ஸ்காட்லாந்து ஆட்டத்துக்கே தாய்வீடான குவீன்ஸ் பார்க். பணம் வாங்காமல்தான் ஆடுவோம் என்று 2019 வரை உறுதியாக நின்ற கிளப். 1884 ஆட்டத்தைப் பார்க்கத் திரண்டு வந்த பிளாக்பர்ன் ரசிகர்களைப் பார்த்த லண்டன் பத்திரிகை ஒன்று வடக்கத்திக் காட்டுமிராண்டிகள் படையெடுத்து வந்ததாக எழுதியது. அவர்களுடைய உடை சரியில்லை, பேச்சும் சரியில்லையாம்.

அதே ஆண்டு அரையிறுதியில் தோற்ற நாட்ஸ் கவுண்டி ஒரு புகார் கொடுத்தது. ரோவர்ஸில் ஆடிய ஜான் இங்கிலிஸ் கிளாஸ்கோவில் வேலை பார்ப்பவர், ஆட்டத்துக்கு மட்டும் ரயிலேறி வருகிறார், காசு வாங்காமலா வருவார் என்பது புகார். நியாயமான சந்தேகம்தான். சங்கம் விசாரித்துத் தள்ளுபடி செய்தது. ரசீது இல்லையே.

சங்கத்தின் விதி 1882 முதல் தெளிவாக இருந்தது: உண்மையான செலவையும் இழந்த கூலியையும் தவிர வேறு எதை வாங்கினாலும் போட்டியிலிருந்து விலக்கு. விதி இருந்ததே தவிர, அதைப் பிடிக்கக் கண்ணி இல்லை. கடைசியில் கண்ணியில் சிக்கியவர் தாமாகவே வந்து சிக்கினார். 1884 ஜனவரி 19 அன்று பிரஸ்டன் நார்த் எண்ட், லண்டனின் அப்டன் பார்க் அணியோடு 1-1 என்று சமன் செய்தது. அப்டன் பார்க் புகார் கொடுத்தது. பிரஸ்டனின் நிர்வாகி வில்லியம் சடெல் விசாரணைக்குப் போய், மறைப்பதற்கு என்ன இருக்கிறது, ஆட்களைக் கூட்டிவந்து வேலை ஏற்பாடு செய்து கொடுத்தோம், எல்லோரும் செய்வதுதானே என்ற தோரணையில் ஒப்புக்கொண்டார். பிரஸ்டனைக் கோப்பையிலிருந்து நீக்கினார்கள். எல்லோரும் மூடி வைத்திருந்த பானையைச் சடெல் நடுத்தெருவில் போட்டு உடைத்ததில், அதற்குப் பிறகு யாரும் தெரியாதது போல நடிக்க முடியவில்லை.

அந்த ஆண்டின் கடைசியில் லங்காஷயர் கிளப்புகள் கூடித் தனியாக ஒரு பிரிட்டிஷ் கால்பந்துச் சங்கம் அமைக்கப் போவதாக மிரட்டின. கூட்டத்தையும் வசூலையும் கொண்டுவரும் கிளப்புகள் அவை. அவை வெளியே போனால் லண்டன் சங்கத்தின் கையில் மிஞ்சுவது கோப்பையும் கொள்கையும்தான். சங்கத்தின் செயலாளர் சார்லஸ் ஆல்காக், ஈட்டனைப் போலவே மேல்தட்டுப் பள்ளியான ஹாரோவின் பழைய மாணவர், ஆனால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று தெரிந்தவர். பணத்தைத் தடுக்க முடியாது, ஒழுங்குபடுத்தலாம் என்று வாதாடினார். முன்பு இரண்டு முறை தோற்ற தீர்மானம் 1885 ஜூலை 20 அன்று, லண்டன் ஃப்ளீட் தெருவின் ஆண்டர்டன்ஸ் ஹோட்டலில் நடந்த கூட்டத்தில் நிறைவேறியது. கூடவே ஒரு கடிவாளம்: பணம் வாங்கும் ஆட்டக்காரர் கோப்பையில் ஆட வேண்டுமானால், கிளப் இருக்கும் இடத்திலிருந்து ஆறு மைலுக்குள் பிறந்திருக்க வேண்டும், அல்லது இரண்டு ஆண்டுகள் குடியிருந்திருக்க வேண்டும். கிளாஸ்கோவிலிருந்து ரயிலேறி வருபவர்களை மனதில் வைத்து எழுதிய விதி என்பது வெளிப்படை. பிளாக்பர்னில் ஐந்து ஆண்டுகள் குடியிருந்துவிட்ட சூட்டரை அது தொடவில்லை.

ரோவர்ஸ் அந்த முதல் வெளிப்படையான பருவத்தில் கூலியாகக் கொடுத்த மொத்தத் தொகை 615 பவுன். பணம் முதன்முறையாகக் கணக்குப் புத்தகத்தில் ஏறியது. சூட்டர் பொருளாளரைத் தேடிப் போக வேண்டிய காலம் முடிந்தது. ஸ்காட்லாந்து இதே முடிவுக்கு வர 1893 வரை ஆனது. அதற்குள் அதன் நல்ல ஆட்டக்காரர்களில் பலர் தெற்கே போய்விட்டார்கள். விசித்திரம் என்னவென்றால், பணம் வாங்கும் கிளப்புகளுக்கு நிலையான வருமானம் வேண்டும் என்று யோசித்து 1888இல் கால்பந்து லீகைத் தொடங்கி வைத்ததும் ஒரு ஸ்காட்லாந்துக்காரரே. பர்மிங்ஹாமின் ஆஸ்டனில் துணிக்கடை வைத்திருந்த வில்லியம் மெக்ரெகர். பன்னிரண்டு கிளப்புகளோடு தொடங்கியது. டார்வென் அதில் இல்லை, ரோவர்ஸ் இருந்தது.

சூட்டருக்கு லீக் கொஞ்சம் தாமதமாக வந்தது. வயது 31, கால்கள் பழைய வேகத்தில் இல்லை. 1888 டிசம்பர் 22 அன்று வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனுக்கு எதிரான ஆட்டத்துக்கு ரோவர்ஸின் கோல்கீப்பர் ஹெர்பி ஆர்தர் இல்லாமல் போனதால், அந்த இடத்தில் சூட்டரை நிறுத்தினார்கள். லீகில் அவர் ஆடிய ஒரே ஆட்டம் அது. தொழில்முறை லீகின் பதிவேட்டைப் புரட்டி முதல் தொழில்முறை ஆட்டக்காரரைத் தேடினால், கோல்கீப்பர், ஆட்டம் ஒன்று என்றுதான் இருக்கும். காலால் பிழைத்தவருக்குப் பதிவேட்டில் கிடைத்தது கைவேலை.

அதன் பிறகு லங்காஷயரிலேயே தங்கி ஹோட்டல் தொழில் பார்த்தார். 1916 ஜூலை 31 அன்று, 58ஆவது வயதில் பிளாக்பூலில் இறந்தார். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. லீக் நின்று போயிருந்தது. அந்தந்த வட்டாரத்துக்குள் மட்டும் சனிக்கிழமைப் போட்டிகள் நடந்தன. அதற்கு முந்தைய ஆண்டு ஜூலையிலேயே கால்பந்துச் சங்கம் உத்தரவு போட்டிருந்தது: போர் முடியும்வரை எந்த ஆட்டக்காரருக்கும் ஊதியம் கிடையாது, செலவுக்காசு மட்டும் கொடுக்கலாம். சூட்டர் கண்ணை மூடிய நாளில், இங்கிலாந்தில் பந்து விளையாடிக் கூலி வாங்க விரும்பிய ஒருவர் மறுபடியும் பொருளாளரைத் தனியாகத்தான் போய்ப் பார்க்க வேண்டும்.